திரைப்புள்ளி முதல் துணிப்புள்ளி வரை

கணினித் திரையில் திறந்திருக்கும் ஒரு சாளரத்தை, அதாவது விண்டோவை, தலைப்புப் பட்டையைப் பிடித்து இழுத்து எந்த மூலைக்குக் கொண்டுபோனாலும் அதிலுள்ள பொத்தான்கள் பழையபடியே வேலை செய்கின்றன. ‘சேமி’ என்ற பொத்தான் சற்றுமுன் திரையின் நடுவில் இருந்தது. இப்போது வலது ஓரத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சொடுக்கினாலும் கோப்பு சேமிக்கப்படுகிறது. பொத்தான் கண்ணுக்குத் தெரிகிறது, அதன்மேல் மவுஸை வைத்து அழுத்துகிறோம், இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். ஆனால் கணினிக்குக் கண் இல்லை. மவுஸின் அம்புக்குறி திரையில் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும் இரண்டு எண்கள் மட்டுமே அதன் கையில் உள்ளன. அந்தப் பொத்தானை உருவாக்கிய நிரலருக்கோ, சாளரம் யாருடைய திரையில், எந்த இடத்தில் திறக்கப்படும் என்று தெரியவே தெரியாது. தெரியாத இடத்தில் வைக்கப்படும் பொத்தானை அந்த இரண்டு எண்கள் எப்படிக் கண்டுபிடிக்கின்றன?

மார்க்கர் அறையில்

இந்தக் கேள்விக்குப் பணத்தில் விலை உள்ள இடங்களில் ஒன்று திருப்பூர். அங்குள்ள பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் கட்டிங் பிரிவை ஒட்டி மார்க்கர் அறை இருக்கும். டி-ஷர்ட்டின் முன்பாகம், பின்பாகம், கை, கழுத்துப்பட்டி ஆகிய பேட்டர்ன் துண்டுகளை, துணியின் அகலத்துக்குள் இடைவெளி வீணாகாமல் நெருக்கி அடுக்கும் வரைபடமே மார்க்கர். முன்பு அட்டையில் வெட்டிய பேட்டர்ன்களைத் துணிமேல் பரப்பி, கட்டிங் மாஸ்டர் கையாலேயே சுற்றி வரைந்தார். இன்று ஜெர்பர் அக்யூமார்க், லெக்ட்ரா டயமினோ, டூகாகேட் போன்ற மென்பொருள்கள் திரையில் அந்த வேலையைச் செய்கின்றன. முடித்த மார்க்கரைப் பிளாட்டர் காகிதத்தில் அச்சிட்டுத் தரும். அடுக்கிய துணியின்மேல் அந்தக் காகிதத்தை விரித்துக் கத்தி ஓட்டுவார்கள்.

மென்பொருள் தானாகவும் அடுக்கும் என்றாலும், கடைசி நெருக்கலைப் பல இடங்களில் ஆள்தான் செய்கிறார்: ஒரு கையைச் சற்றுத் தள்ளுவார், ஒரு முன்பாகத்தை இடுக்கில் செருகுவார். இதன் பலனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.5 மீட்டர் அகலமும், ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையும் உள்ள துணியில் மார்க்கரின் நீளம் 1 சென்டிமீட்டர் குறைந்தால் ஒரு அடுக்குக்கு 2.7 கிராம் மிச்சம். 100 அடுக்கு போட்டால் 270 கிராம். பின்னல் துணியைக் கிலோ கணக்கில் வாங்கும் ஊரில் இந்த மிச்சம் அன்றைக்கே கணக்கில் ஏறும்.

ஆகவே மார்க்கர் போடுபவர் நாள் முழுக்கத் துண்டுகளை மவுஸால் பிடித்து, நகர்த்தி, விடுகிறார். ஒவ்வொரு முறையும் திரையில் ஒரு புள்ளி, துணியில் ஒரு புள்ளியாக மாற வேண்டும்.

எண்கள் எங்கிருந்து தொடங்குகின்றன

ஒரு புள்ளியின் இடத்தை, நிலையான ஓர் இடத்திலிருந்து கிடையாக எவ்வளவு, நெடுக்காக எவ்வளவு என்று இரண்டு எண்களால் சொல்வது ஆயத்தொலைவு. அந்த நிலையான இடம் ஆதிப்புள்ளி. 1637-இல் பிரெஞ்சு அறிஞர் ரெனே டெக்கார்ட் வெளியிட்ட வடிவியல் நூலோடு இந்த முறை இணைத்துப் பேசப்படுகிறது. பள்ளிப் பாடத்தில் ஆதிப்புள்ளியிலிருந்து மேலே போகப்போக நெடு எண் கூடும். கணினித் திரையில் பெரும்பாலும் நேர்மாறு. ஆதிப்புள்ளி இடது மேல் மூலையில் இருக்கிறது. கீழே இறங்க இறங்க எண் கூடுகிறது. பழைய படக்குழாய்த் திரையில் எலக்ட்ரான் கற்றை இடது மேல் மூலையில் தொடங்கி, வரிவரியாகக் கீழே இறங்கிப் படத்தைத் தீட்டியது. நினைவகத்தில் படத்தின் முதல் புள்ளியும் அந்த மூலைக்கு உரியதாயிற்று. குழாய் போய்த் தட்டைத் திரை வந்த பிறகும் எண்ணும் முறை மாறவில்லை.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அம்புக்குறி எங்கே நிற்கிறது என்பது மவுஸுக்கே தெரியாது. ‘இவ்வளவு வலப்பக்கம் நகர்ந்தேன், இவ்வளவு கீழே நகர்ந்தேன்’ என்று மட்டுமே அது கணினிக்குத் தெரிவிக்கிறது. அந்த நகர்வுகளைக் கூட்டிக் கழித்து, அம்புக்குறியின் இடத்தைத் திரையின் எண்களாக வைத்திருப்பது விண்டோஸ் போன்ற இயங்குதளம்.

சாளரத்துக்கென்று ஒரு மூலை

நிரலர் பொத்தானின் இடத்தைத் திரையின் மூலையிலிருந்து அளப்பதில்லை. சாளரத்தின் உள்பரப்பு மூலையிலிருந்து அளக்கிறார். உள்பரப்பு என்பது தலைப்புப் பட்டையும் விளிம்புச் சட்டமும் போக, மென்பொருள் தன் விருப்பப்படி வரைந்துகொள்ளும் பகுதி. சாளரம் எங்கே நகர்ந்தாலும் அந்த மூலை கூடவே வருகிறது. அதிலிருந்து பொத்தானுக்கு உள்ள தொலைவு மாறுவதில்லை. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடையின் பாதி இதுதான்.

மறுபாதி ஒரு கழித்தல். திரைப்புள்ளியிலிருந்து உள்பரப்பின் மூலையைக் கழித்தால் சாளரப்புள்ளி கிடைக்கும். விண்டோஸில் இதற்கென்றே ‘ஸ்கிரீன் டு கிளையன்ட்’ என்ற ஆணை உண்டு. எதிர்த்திசைக்கு ‘கிளையன்ட் டு ஸ்கிரீன்’. ஒரு சாளரத்திலிருந்து இன்னொரு சாளரத்துக்கே நேராக மாற்ற ‘மேப் விண்டோ பாயிண்ட்ஸ்’.

இவ்வளவு எளிய கழித்தலுக்குத் தனி ஆணை எதற்கு என்று கேட்கலாம். எதைக் கழிப்பது என்பதில்தான் வழுக்கல் இருக்கிறது. விண்டோஸ் 10-இல், வழக்கமான 100 சதவீத அளவில், சாளரத்தின் வெளிமூலையிலிருந்து உள்பரப்பின் மூலை பொதுவாக 8 பிக்சல் வலப்பக்கமும் 31 பிக்சல் கீழேயும் இருக்கும். அந்த 8 பிக்சலில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாது. ஓரத்தைப் பிடித்து இழுப்பதற்காக விடப்பட்ட வெற்று விளிம்பு அது. கண்ணால் பார்த்து அளந்தால் தவறாகத்தான் வரும். மெனு பட்டை சேர்ந்தால் 31 என்பது மாறும். விண்டோஸின் வேறு பதிப்பில் மாறும். எழுத்தைப் பெரிதாக்கினாலும் மாறும். 8, 31 என்று நிரலில் நேரடியாக எழுதிவைப்பதைவிட, மூலை எங்கே என்று இயங்குதளத்தையே கேட்பதுதான் சரி.

ஒரு சொடுக்கின் பயணம்

திரை 1920 பிக்சல் அகலம், 1080 பிக்சல் உயரம். மார்க்கர் மென்பொருளின் சாளரம் (300, 150) என்ற இடத்தில் தொடங்குகிறது. மார்க்கர் 4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். நீளம் திரையில் கிடையாகப் படுத்திருக்கிறது. ஒருவர் (800, 500) என்ற திரைப்புள்ளியில் சொடுக்குகிறார்.

முதலில், அந்தப் புள்ளி எந்தச் சாளரத்துக்கு உரியது? ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் சாளரங்களின் வரிசையை இயங்குதளம் வைத்திருக்கிறது. மேலேயிருந்து தொடங்கி, அந்தப் புள்ளியை மூடியிருக்கும் முதல் சாளரத்துக்குச் செய்தியை அனுப்புகிறது.

உள்பரப்பின் மூலை (308, 181). கழித்தால் (492, 319). இது சாளரப்புள்ளி.

சாளரத்துக்குள்ளும் முழு இடம் மார்க்கருக்கு இல்லை. இடது ஓரத்தில் துண்டுகளின் பட்டியல் 160 பிக்சல், மேலே கருவிப்பட்டை 90 பிக்சல். அவற்றையும் கழித்தால் (332, 229). இப்போது எண்கள் மார்க்கர் வரையும் பலகையின் மூலையிலிருந்து தொடங்குகின்றன.

4 மீட்டர் மார்க்கர் பலகைக்குள் அடங்காது. பயன்படுத்துபவர் ஏற்கெனவே 1200 பிக்சல் அளவுக்கு வலப்பக்கம் உருட்டி வைத்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாமல் இடப்பக்கம் மறைந்து கிடக்கும் அந்த 1200-ஐக் கூட்டினால் (1532, 229).

இதுவரை எல்லாமே பிக்சல். இனி மில்லிமீட்டர். இப்போதைய உருப்பெருக்கத்தில் ஒரு பிக்சல் என்பது துணியில் 2 மில்லிமீட்டர். பெருக்கினால் (3064, 458).

கடைசியாகத் திசை. திரையில் எண் மேலிருந்து கீழே கூடுகிறது. இந்த மார்க்கரிலோ துணியின் கீழ் ஓரத்திலிருந்து மேல்நோக்கி அளக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அகலம் 1500 மில்லிமீட்டர்; 458-ஐக் கழித்தால் 1042. ஆக, சொடுக்கிய இடம் துணியின் தொடக்கத்திலிருந்து 3 மீட்டர் 64 மில்லிமீட்டர் நீளத்தில், கீழ் ஓரத்திலிருந்து 1 மீட்டர் 42 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கிறது.

இந்தப் படிகளின் வரிசையை மாற்றக் கூடாது. உருட்டலைக் கூட்டுவதற்கு முன்பே 2-ஆல் பெருக்கிவிட்டால், 332 என்பது 664 ஆகி, அதோடு 1200 சேர்ந்து 1864 வரும். சரியான விடை 3064. பிக்சலில் உள்ள எண்ணை மில்லிமீட்டரில் உள்ள எண்ணோடு கூட்டியதால் மார்க்கரில் 1200 மில்லிமீட்டர், அதாவது 1.2 மீட்டர், தள்ளிப்போயிற்று. உருட்டாமல் மார்க்கரின் தொடக்கத்திலேயே நின்று சோதித்திருந்தால் இந்தத் தவறு வெளியே தெரிந்திருக்காது. பூஜ்யத்தை முன்னால் கூட்டினாலும் பின்னால் கூட்டினாலும் ஒன்றுதான். உருட்டாமலும் பெரிதாக்காமலும் சரிபார்த்துவிட்டு ஒப்படைக்கப்படும் மென்பொருள், மார்க்கர் அறையின் முதல் நாளிலேயே மாட்டிக்கொள்வது இதனால்தான்.

துண்டுக்குள் ஒரு புள்ளி

துணியில் இடம் கிடைத்துவிட்டது. அங்கே எந்தத் துண்டு இருக்கிறது? ஒவ்வொரு பேட்டர்ன் துண்டுக்கும் தனி ஆதிப்புள்ளி உண்டு. திருப்பூரில் மார்பில் படம் அச்சிடுபவருக்கு, ‘தோள் உச்சியிலிருந்து இத்தனை சென்டிமீட்டர் கீழே’ என்றுதான் அளவு வரும். கட்டிங் டேபிளின் ஓரத்திலிருந்து யாரும் சொல்வதில்லை. துண்டு டேபிளில் எங்கே கிடந்தாலும் தோளும் மார்பும் துண்டோடுதான் இருக்கின்றன. மென்பொருளும் அதையே செய்கிறது.

ஒரு முன்பாகம் 700 மில்லிமீட்டர் நீளம், 490 மில்லிமீட்டர் அகலம். மார்க்கரில் அதன் மூலை (2900, 1000) என்ற இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. துணிப்புள்ளி (3064, 1042)-இலிருந்து அதைக் கழித்தால் (164, 42). இந்த இடம் துண்டின் கோட்டுக்குள் விழுகிறதா என்று பார்க்க அழகான ஒரு வழி உண்டு. புள்ளியிலிருந்து ஏதாவது ஒரு திசையில் நேர்கோடு ஒன்றை ஓடவிட வேண்டும். அது துண்டின் எல்லையை ஒற்றைப்படை முறை வெட்டினால் புள்ளி உள்ளே. இரட்டைப்படை முறை வெட்டினால் வெளியே. கழுத்து வளைவும் கைக்குழியும் எவ்வளவு நெளிந்திருந்தாலும் இந்த விதி பொருந்தும்.

துணியை மிச்சப்படுத்த ஒரு துண்டை நேராகவும் இன்னொன்றைத் தலைகீழாகவும் வைப்பதுண்டு. இதே இடத்தில் இதே துண்டு தலைகீழாகக் கிடந்தால், அதன் ஆதிப்புள்ளி எதிர்மூலையான (3600, 1490)-க்குப் போய்விடும். அளக்கும் திசையும் திரும்பிவிடும். அப்போது அந்தப் புள்ளி துண்டுக்குள் (536, 448). துணியில் ஒரே இடம். துண்டின் கணக்கில் முற்றிலும் வேறு இடம்.

ஒரு படி தவறினால் என்ன ஆகும் என்பதையும் இதே எண்களில் பார்க்கலாம். தலைப்புப் பட்டையின் 31 பிக்சலைக் கழிக்க நிரலர் மறந்துவிட்டார் என்றால், துணியில் அது 62 மில்லிமீட்டர். 1042-க்குப் பதில் 980 வரும். முன்பாகம் 1000-இல்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே அடுக்கியிருப்பது கை. பயன்படுத்துபவர் முன்பாகத்தின்மேல் சொடுக்க, கை தேர்ந்தெடுக்கப்படும்.

பிடித்தவுடன் துள்ளும் துண்டு

துண்டைப் பிடித்து இழுக்கத் தொடங்கியதும் அது சட்டென்று வேறு இடத்துக்குத் துள்ளி, பிறகு மவுஸோடு ஒழுங்காக நகர்வதைச் சில மென்பொருள்களில் காணலாம். பிடித்த இடத்துக்கும் துண்டின் மூலைக்கும் உள்ள இடைவெளியை நினைவில் வைக்காததால் இது நேர்கிறது. மேலே கண்ட சொடுக்கில் அந்த இடைவெளி (164, 42). இழுக்கும்போதெல்லாம் புதிய துணிப்புள்ளியிலிருந்து இதைக் கழித்து மூலையை வைத்தால், துண்டு பிடித்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு வரும். கழிக்காவிட்டால் மூலை நேராக அம்புக்குறியின் அடியில் வந்து நிற்கும்.

துள்ளலுக்கு இன்னொரு காரணமும் உண்டு, கண்டுபிடிக்கக் கடினமானது. பிடித்த கணத்தைச் சாளரப்புள்ளியாகவும், நகரும் கணங்களைத் திரைப்புள்ளியாகவும் எடுத்துக்கொள்வது. சாளரம் திரையை முழுவதும் நிறைத்திருந்தால் இரண்டுக்கும் வேறுபாடு மிகச் சிறியது; சாளரத்தைச் சுருக்கி நடுவில் வைத்தவுடன் துண்டு பறக்கிறது. அதனால் பழகிய நிரலர்கள் எண்ணின் பெயரிலேயே அது எந்த ஆதிப்புள்ளிக்கு உரியது என்று குறித்துவைக்கிறார்கள்: திரை, சாளரம், பலகை, துணி, துண்டு என்று. இது வெறும் ஒழுங்குக்காகச் செய்யும் காரியமல்ல. (492, 319) என்ற எண்களைத் தனியே பார்த்து அவை எதன் எண்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

இடப்பக்கத் திரை

ஒரு கணினிக்கு இரண்டு திரைகளை இணைத்து, ஒன்றில் மார்க்கரையும் மற்றொன்றில் ஆர்டர் விவரங்களையும் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இந்த வசதி உண்டு. இரண்டு திரைகளையும் சேர்த்து ஒரே பெரும்பரப்பாக விண்டோஸ் எண்ணுகிறது. ஆதிப்புள்ளி முதன்மைத் திரையின் இடது மேல் மூலை. இரண்டாவது திரை வலப்பக்கம் இருந்தால் 1920-க்கு மேல் எண்கள் தொடரும். இடப்பக்கம் இருந்தால் எண்கள் பூஜ்யத்துக்குக் கீழே, எதிர்மறையாகப் போகும்.

கழித்தலுக்கு எதிர்மறை எண் தடையல்ல. (−200, 500) என்ற புள்ளியும், இடப்பக்கத் திரையில் (−1500, 100)-இல் தொடங்கும் உள்பரப்பும் (1300, 400) என்று சரியாகவே தீரும். சிக்கல் எண்ணைப் பிரித்தெடுப்பதில் வருகிறது. விண்டோஸ் பல மவுஸ் செய்திகளில் இரண்டு எண்களையும் 16 பிட் அளவுக்குச் சுருக்கி ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. 16 பிட்டில் எழுதப்பட்ட −200-ஐ, எதிர்மறைக் குறியே கிடையாது என்று நினைத்துப் படித்தால் 65336 என்று வரும். ஒரு திரை மட்டும் உள்ள கணினியில் ஆண்டுக்கணக்கில் பிழையின்றி ஓடிய மென்பொருள், இடப்பக்கம் இரண்டாவது திரை வைத்த அன்றே தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

125 சதவீதம்

புதிய திரைகளில் புள்ளிகள் மிக நெருக்கமாக இருப்பதால் எழுத்து சிறுத்துத் தெரியும். அதனால் விண்டோஸ் எல்லாவற்றையும் 125 அல்லது 150 சதவீதமாகப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அதன் அடிப்படைக் கணக்கு அங்குலத்துக்கு 96 புள்ளி; 125 சதவீதத்தில் 120, 150 சதவீதத்தில் 144. 2013-இல் வந்த விண்டோஸ் 8.1 முதல் ஒவ்வொரு திரைக்கும் வெவ்வேறு சதவீதம் வைக்க முடிகிறது.

இந்த ஏற்பாட்டை அறியாத பழைய மென்பொருள்களிடம் விண்டோஸ் ஒரு பாசாங்கு செய்கிறது. திரை இன்னும் 96 கணக்கில்தான் இருக்கிறது என்று சொல்லி, அவை வரைந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. எல்லா எண்களும் அந்தப் பாசாங்குக் கணக்கிலேயே வந்தால் தொல்லை இல்லை. ஒரு எண் உண்மைக் கணக்கிலும் இன்னொன்று பாசாங்குக் கணக்கிலும் வந்தால் கழித்தல் பொருளற்றுப் போகும். 125 சதவீதத்தில், மூலையிலிருந்து 400 பிக்சல் தள்ளி உள்ள இடம் மற்றக் கணக்கில் 320; வேறுபாடு 80. 800 பிக்சல் தள்ளி உள்ள இடம் 640, வேறுபாடு 160.

பிழையின் தன்மையை வைத்தே அதன் காரணத்தை ஊகிக்க இது உதவுகிறது. மார்க்கர் முழுவதும் ஒரே அளவு தள்ளிப்போனால் ஏதோ ஒரு மூலையைக் கழிக்க மறந்திருக்கிறார்கள். இடது மேல் மூலையில் ஏறக்குறைய சரியாக இருந்து, வலப்பக்கமும் கீழேயும் போகப்போகப் பிழை பெருகினால் அளவுகோல் கலந்திருக்கிறது. இடப்பக்கத் திரையில் மட்டும் பிழை என்றால் எதிர்மறைக் குறி தொலைந்திருக்கிறது. சரிசெய்ய வருபவரிடம் ‘மவுஸ் சரியில்லை’ என்று மட்டும் சொல்வதைவிட, எந்த இடத்தில் எவ்வளவு தள்ளுகிறது என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

மற்ற இயங்குதளங்களில்

1984-இல் வந்த மெக்கின்டோஷிலேயே ‘குளோபல் டு லோக்கல்’ என்ற பெயரில் இதே கழித்தல் இருந்தது. இன்றைய மேக் கணினிகளின் சாளர அமைப்பிலோ ஆதிப்புள்ளி இடது கீழ் மூலையில், பள்ளிப் பாடம் போலவே இருக்கிறது. விண்டோஸுக்கு எழுதியதை அங்கே கொண்டுபோகும்போது திசையையும் திருப்ப வேண்டும். லினக்ஸில் நெடுங்காலம் ஆண்ட எக்ஸ் சாளர அமைப்பிலும் இதற்கென்று ஆணை உண்டு. அதன் இடத்துக்கு வந்துள்ள வேலண்ட் வேறு வழியில் போகிறது. தன் சாளரம் திரையில் எங்கே இருக்கிறது என்பதைப் பொதுவாக அது மென்பொருளுக்குச் சொல்வதில்லை. மவுஸின் இடத்தைச் சாளரத்தின் கணக்கிலேயே தருகிறது. ஒரு மென்பொருள் மற்றவற்றை வேவு பார்ப்பது கடினமாகிறது. திரைப்புள்ளியையும் சாளரப்புள்ளியையும் குழப்பிக்கொள்ளவும் வழி குறைகிறது.

திரும்பி வரும் பாதை

துண்டைத் திரையில் வரைய, இதே படிகளைப் பின்னிருந்து முன்னாக, கூட்டலைக் கழித்தலாகவும் பெருக்கலை வகுத்தலாகவும் மாற்றிச் செய்ய வேண்டும். துணிப்புள்ளி (3064, 1042)-இல் தொடங்கினால், 1500-இலிருந்து 1042 போக 458. 2-ஆல் வகுக்க (1532, 229). உருட்டலைக் கழிக்க (332, 229). பட்டைகளைக் கூட்ட (492, 319). உள்பரப்பின் மூலையைக் கூட்ட (800, 500). புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. போய் வந்தால் அதே எண் வர வேண்டும் என்பது இந்த மாற்றங்களைச் சோதிக்க நல்ல வழி. உருட்டி, பெரிதாக்கி, சாளரத்தை நகர்த்தி, இரண்டாவது திரைக்கு மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் சோதிக்க வேண்டும். உருட்டலைத் தவறான வரிசையில் கூட்டும் பிழை போகும்போதும் வரும்போதும் ஒரே மாதிரி இருந்தால், எண் திரும்பி வந்தும் பிழை பிழைத்துக்கொள்ளும். அதனால் அளவு முன்பே தெரிந்த ஒரு துண்டின் மூலையைச் சொடுக்கியும் பார்க்க வேண்டும்.

போய் வருவதில் ஒரு சிறு இழப்பும் உண்டு. துண்டின் மூலை 3065 மில்லிமீட்டரில் இருந்தால் திரையில் அது 1532.5 பிக்சல். அரைப் பிக்சல் கிடையாது என்பதால் 1532 அல்லது 1533 ஆக்கி வரைகிறார்கள். கண்ணுக்கு அது போதும். ஆனால் வரைந்த பிக்சலிலிருந்தே மறுபடி துணியின் இடத்தைக் கணக்கிட்டால் 3064 அல்லது 3066 வரும். ஒவ்வொரு நகர்த்தலிலும் இப்படி ஒரு மில்லிமீட்டர் போனால், மார்க்கர் முடியும்போது துண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், கத்தி ஓடும்போது ஓரம் குறையும். ஆகவே துண்டின் இடம் எப்போதும் மில்லிமீட்டரிலேயே சேமிக்கப்பட வேண்டும். பிக்சல் எண், வரைவதற்காக அப்போதைக்கப்போது கணக்கிட்டு, வரைந்ததும் விட்டுவிட வேண்டியது.